அறுபது குதிரை போதும்

ஆயில்டேல், கலிஃபோர்னியா
பிப்ரவரி 9, 1996

கிளோவிஸ் ரென்ஃப்ரோவுக்கு,

ஒலீட்டா ஸ்டால்கப் எழுதுகிறேன். நான் செத்திருப்பேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்து போனாய். நாற்பத்தாறு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் உறவு கொண்டாட எழுதவில்லை. உன் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சாமான் கிடக்கிறது. அது எனக்கு வேண்டும்.

பருத்தி எடுக்கப் போனதில் என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது உனக்குத் தெரியும். எழுத்தில் தப்பு இருந்தால் சிரித்துக்கொள். எஞ்சினில் என் தப்பை நீ இதுவரை கண்டுபிடித்ததில்லை.

விர்ஜில் போய் மூன்று வருஷம் ஆகிறது. நீ பூ அனுப்பினாய். அதை வராந்தாவுக்கு மேலே கொண்டுவரவில்லை. படியிலேயே காய்ந்தது. என் புருஷன் விட்டுப்போன இருபத்தொன்பதாம் வருஷத்து ரோட்ஸ்டர் கார் கராஜில் நிற்கிறது. கூரை கிடையாது, எஞ்சினும் கிடையாது. சட்டம் நேராக இருக்கிறது, கதவு இரண்டும் ஒழுங்காக மூடுகிறது. அதில் எஞ்சினை ஏற்றி, ஜூன் மாதம் காய்ந்த ஏரியில் நடக்கும் கார் வேக ஓட்டத்துக்குக் கொண்டு போகிறேன். ஓட்டப்போவதும் நான்தான். இப்போதெல்லாம் பெண்பிள்ளைகளை அங்கே கயிற்றுக்குப் பின்னால் நிறுத்துவதில்லையாம்.

எந்த எஞ்சின் என்று ஊரே எனக்குப் புத்தி சொல்கிறது. என் மகன் ரோனி, "அம்மா, கடையில புதுசா ஒண்ணு பெட்டியோட வருது. பொத்தானை அமுக்கினா போதும்" என்கிறான். "அப்ப துணி துவைக்கிற மெஷினுக்கு நாலு சக்கரம் மாட்டி நீ ஓட்டுடா" என்றேன். காப்பிக் கடையில் உட்காரும் கிழங்கள் எல்லாம் நாற்பத்தெட்டாம் வருஷத்துப் பெரிய எட்டு சிலிண்டரைப் போடு என்கிறார்கள். தட்டைத்தலைதான், பழசுதான், நல்லதுதான். எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது சின்ன எட்டு. அறுபது குதிரைச் சக்தி. வால்வு எல்லாம் பிளாக்குக்குள்ளேயே படுத்திருக்க, மேலே வாணலி மூடி மாதிரி ஒரு தட்டைத் தலை மட்டும் இருக்குமே, அதிலேயே சின்ன ஜாதி.

ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன், பிறகு தெரியாது என்று சொல்லாதே. சின்ன எட்டு ரோட்ஸ்டர் வகுப்பில் ஓட்டத்தை நடத்தும் கிளப்பின் புத்தகத்தில் நிற்கும் வேகம் மணிக்கு 112.35 மைல். 1950-க்கு அப்புறம் யாரும் அந்த வகுப்பில் வண்டி கொண்டு போகாததால் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஓட்டியவர் ரென்ஃப்ரோ. எஞ்சின் கட்டியவர் ரென்ஃப்ரோ. அதை நான் அந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கப் போகிறேன். அதற்கு வேண்டிய எஞ்சின் உன்னிடம்தான் இருக்கிறது. இதற்கு நான் வெட்கப்படவில்லை.

உன்னிடம் இருப்பது எந்த மாதிரி, பக்கச்சுவர் வார்ப்பா தகரமா, எத்தனை வருஷமாகத் தண்ணீர் படாமல் கிடக்கிறது, எல்லாம் எழுது. ஏப்ரல் கடைசிக்குள் படிவத்தில் எஞ்சின் அளவைப் போட்டாக வேண்டும்.

ஒலீட்டா ஸ்டால்கப்


ரோசமண்ட்
பிப்ரவரி 18, 1996

அன்புள்ள ஒலீட்டா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். படித்து முடித்தபின் வழக்கே பரவாயில்லை என்று தோன்றியது.

நான் சுகம். இடது முழங்கால் புதுசு, மற்றதெல்லாம் ஒரிஜினல். என் மனைவி லொரீன் போய் ஐந்து வருஷமாகிறது. டப்பா பீன்ஸும் ரேடியோவும்தான் எனக்குத் துணை.

சின்ன எட்டா? அது தையல் மெஷின், ஒலீட்டா! நம் வயசில் மேட்டில் ஏறும்போது நாம் மூச்சு வாங்குவது போதாதா, வண்டியும் சேர்ந்து வாங்க வேண்டுமா? என்னிடம் நாற்பத்தெட்டாம் வருஷத்துப் பெரிய எட்டு ஒன்று இருக்கிறது. புது பேரிங், நல்ல கிராங்க். அதை எடுத்துக்கொள். உன் ரோட்ஸ்டரில் போட்டால் ஆயில்டேல் முழுக்க ஜன்னல் அதிரும்.

பிடிவாதம் பிடிப்பாய் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். சின்ன எட்டும் இரண்டு இருக்கிறது. ஒன்று ஆரம்ப வருஷத்துத் தகரப் பக்கம், இன்னொன்று பின்னால் வந்த வார்ப்பு. இரண்டும் தங்கம். கையால் சுற்றினால் சுற்றுகிறது. எது வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்.

அந்தப் பழைய விஷயம். ஒரு காகிதத்தில் ஒரு வரி, அவ்வளவுதானே? விர்ஜிலே சிரித்துவிட்டு விட்டுவிட்டான். நீ இன்னும் அதை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருக்கிறாயே!

உன் பழைய நண்பன்
கிளோவிஸ்


ஆயில்டேல்
பிப்ரவரி 23, 1996

கிளோவிஸ் ரென்ஃப்ரோவுக்கு,

விர்ஜில் சிரித்தான், ஏனென்றால் விர்ஜில் அங்கே இல்லை. அவன் எண்ணெய்க் கிணற்றில் ஷிப்டில் இருந்தான். அதனால்தான் நீ ஓட்டினாய். நான் இருந்தேன்.

1950 ஜூலை பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. ரோனிக்கு ஒரு வயசு, என் இடுப்பில் இருந்தான், பல் முளைக்கிற காய்ச்சல். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், நடுவில் நாலடி. டப்பா பீச் பழத்தைப் பேனாக்கத்தியால் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தாய். பேர் எழுதிக்கொள்ளும் பென்சில்காரன் வந்தான். "ஓட்டினது யாரு?" "ரென்ஃப்ரோ." சரி. அது உண்மை. பெண்பிள்ளை ஓட்டக்கூடாது என்று அவர்கள் சட்டம் வைத்திருந்தார்கள், அதற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த வரி. "எஞ்சின் கட்டினது யாரு?" அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. யார் பேரையும் எழுதலாம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் தாடையில் பழச்சாறு வடிந்தது. "அதுவும் நான்தான்" என்றாய்.

ஏழு மாசம், கிளோவிஸ். குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, சோளரொட்டி அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்போதே காற்று போகிற போர்ட் எல்லாம் என் கையால் அரம் போட்டேன். நீ ஒரு போல்ட்டைக் கூட முறுக்கவில்லை. அப்புறம் அந்த எஞ்சின் ராட் உடைந்து போய்விட்டது, காயலான் கடைக்குப் போட்டேன் என்று விர்ஜிலிடம் சொல்லி அனுப்பினாய். அதையும் மறக்கவில்லை.

இனி வேலை. பெரிய எட்டைப் பற்றிப் பேசாதே. அது இரண்டு ஆள் கனம் அதிகம். என் ரோட்ஸ்டரின் மூக்கை அழுத்தும். அதன் சூடு எல்லாம் பிளாக்குக்குள்ளேயே சுற்றும், நான் ஓட்டவா, கெட்டிலுக்குக் காவல் இருக்கவா? சின்ன எட்டுக்கு இழுவை இல்லை என்பாய். இழுவை வேண்டாம், அதைச் சுற்ற விடவேண்டும். பயந்து பயந்து ஓட்டினால்தான் அது தையல் மெஷின். பெரிதைப் போட்டால் வகுப்பும் மாறிவிடும். பிறகு நான் யாரோ ஒருத்தன் வேகத்தைத் துரத்திக்கொண்டிருப்பேன். எனக்கு உன்னுடையதுதான் வேண்டும்.

"இரண்டும் தங்கம்" என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்வதை நம்பி நான் ஏமாந்தது ஒரு தடவை போதும். கையால் சுற்றினால் எல்லாம் சுற்றும். இதைச் செய். தகரப் பக்கத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் கீழ் ஓரத்தில் அழுத்திப் பார். இரண்டிலும் தலையைக் கழற்று. தண்ணீர் ஓடும் வழியெல்லாம் மண்ணெண்ணெய் நிரப்பி அடை. மேல்பக்கம் முழுக்க, வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் முக்கியமாக, சாக்கட்டித் தூள் பூசு. மூன்று நாள் தொடாதே. தண்ணீர் போகாத விரிசலிலும் மண்ணெண்ணெய் போகும். தூள் எங்கே கறுக்கிறதோ அதை எழுது. ஒரு நாளில் எட்டிப் பார்த்துவிட்டு முடிந்தது என்று எழுதாதே. எனக்குத் தெரிந்துவிடும்.

ஒலீட்டா ஸ்டால்கப்


ரோசமண்ட்
மார்ச் 11, 1996

ஒலீட்டா,

தகரப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் வெண்ணெயில் போவது போலப் போய்விட்டது. கைப்பிடி வரைக்கும். முப்பது வருஷமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். வர்ணம்தான் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது போல.

வார்ப்புப் பிளாக் முதல் நாள் காய்ந்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். அப்போதே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், உண்மையைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் காலையில் இடது வரிசை மூன்றாவது சிலிண்டரில், எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்திலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மற்ற இடமெல்லாம் வெள்ளை. ஆக அதுவும் தங்கமில்லை.

இப்போது உனக்குச் சொல்லாத ஒன்று.

மூன்றாவதும் இருக்கிறது. ராட் உடையவில்லை. காயலான் கடைக்கும் போகவில்லை. உன் சின்ன எட்டு என் கொட்டகையில் பின்சுவர் ஓரம், கம்பளிக்குள் சுற்றி இருக்கிறது. 1950 ஜூலைக்கப்புறம் நான் அதை ஸ்டார்ட் பண்ணியதில்லை. யாருக்கும் காட்டியதில்லை, லொரீனுக்குக்கூட. அதற்கும் மண்ணெண்ணெய் ஊற்றிச் சாக்கட்டி பூசினேன். நாலு நாள். பால் மாதிரி வெள்ளை. போர்ட்டில் விரல் விட்டுப் பார்த்தேன். நீ போட்ட அரம் இன்னும் வழுவழுவென்று இருக்கிறது.

பென்சில்காரன் அவசரப்பட்டான் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் அவசரப்படவில்லை. எனக்கு இருபத்து நாலு வயசு. நான் கட்டின எதுவும் தொண்ணூறைத் தாண்டினதில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம், வேறு இல்லை.

வந்து எடுத்துக்கொண்டு போ. அதைப் போட்டு ஓட்டினால் 112.35 மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்விடும்.

கிளோவிஸ்


ஆயில்டேல்
மார்ச் 20, 1996

கிளோவிஸ் ரென்ஃப்ரோவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எட்டு நாள் சும்மா இருந்தேன். சும்மா என்றால், வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரத்தையும் இரண்டு தடவை தேய்த்தேன். ரோனி வந்து, "யாரு மேல கோபம்மா?" என்றான். "உன்னைத் தவிர ஒருத்தன் மேல" என்றேன். பயந்துபோய்ச் சாப்பிடாமல் போய்விட்டான்.

என் எஞ்சினை நாற்பத்தாறு வருஷம் கம்பளியில் சுற்றி வைத்திருந்தாய். அதற்கு உன்னை என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்ததும் எழுதுகிறேன்.

ஆனால் அது எனக்கு வேண்டாம்.

ஏனென்று சொல்கிறேன், நிதானமாகப் படி. அந்த எஞ்சினை ஏரிக்குக் கொண்டு போனால் அங்கே உட்கார்ந்திருக்கும் கிழவன் ஒவ்வொருத்தனும் என்ன சொல்வான்? "இது ரென்ஃப்ரோவோட சின்ன எட்டுல்ல? அந்தம்மா ஓட்டுது பாரு." புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. நான் ஜெயித்தாலும் உன் குதிரையில் ஏறி ஜெயித்தவளாகத்தான் இருப்பேன். இந்த எழுபத்தொரு வயசில் அதற்கா முதுகை வளைக்கப் போகிறேன்?

எனக்கு அந்த விரிசல் பிளாக்கை அனுப்பு. மூன்றாவது சிலிண்டர், ஒரு அங்குலத்துக்குக் குறைவு. அது எனக்குப் போதும். வெல்டிங் வைக்க மாட்டேன், சூட்டில் பக்கத்தில் இன்னொரு விரிசல் ஓடும். முனையில் துளை போட்டு நிறுத்திவிட்டு, மரை வெட்டின வார்ப்பிரும்பு ஆணியாக இறக்குவேன். ஒன்றின்மேல் அடுத்தது பாதி ஏறி உட்காரும்படி, வரிசையாக, தையல் போடுகிற மாதிரி. நீதானே தையல் மெஷின் என்றாய்.

அந்தப் பிளாக்கை ஏன் எடுக்கிறேன் தெரியுமா? அதில் எங்கே கெட்டிருக்கிறது என்று நீ சரியாகச் சொன்னாய். நீ எனக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான். அதை வைத்து வேலை செய்ய முடியும்.

படிவம் போட்டாயிற்று. ஓட்டுபவர் ஒலீட்டா ஸ்டால்கப். எஞ்சின் கட்டுபவர் ஒலீட்டா ஸ்டால்கப். ரோனி போன சனிக்கிழமை தபால் பெட்டியில் போட்டான். போட்டானா என்று நான் வண்டியிலிருந்து பார்த்தேன்.

ஒலீட்டா ஸ்டால்கப்


ரோசமண்ட்
மே 6, 1996

ஒலீட்டா,

பிளாக் வந்து சேர்ந்தது, ஆணி இறக்கியாயிற்று என்று ரோனி ஃபோனில் சொன்னான். பதினொரு ஆணி என்றான். "அம்மா ஒவ்வொண்ணுக்கும் என் பேரைச் சொல்லித் திட்டினாங்க" என்றான். வாயில் வந்தது அவன் பேராக இருந்தாலும் திட்டு எனக்குத்தான், பாவம் அவனுக்குத் தெரியவில்லை.

நேற்று கிளப் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பதினைந்து வருஷமாகப் போகவில்லை. இருபது பேர், அதில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. எழுந்து நின்றேன். "அம்பதாம் வருஷம் ஜூலைல சின்ன எட்டு வகுப்புல என் பேரு இருக்கே, அந்த எஞ்சினை நான் கட்டலை. ஒலீட்டா ஸ்டால்கப் கட்டினா. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

பின்வரிசையில் ஒருத்தன், "என்னவாம்?" என்றான். பக்கத்தில் இருந்தவன் அவன் காதில், "ரென்ஃப்ரோ புளுகிட்டானாம்!" என்று கத்தினான். "அது தெரிஞ்சதுதானே" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

செயலாளர் ஹோமர் கிட்செல் புத்தகத்தைக் கொண்டுவந்தான். பழைய வரியை அழிக்க முடியாதாம், கோடு கிழித்துப் பக்கத்தில் எழுதலாமாம், நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: ஓட்டியவர் ரென்ஃப்ரோ. எஞ்சின் கட்டியவர் ஒலீட்டா ஸ்டால்கப். 112.35.

நீ கேட்கவில்லை. நானாகத்தான் போனேன்.

கிளோவிஸ்


ஆயில்டேல்
மே 10, 1996

கிளோவிஸ் ரென்ஃப்ரோவுக்கு,

யாரைக் கேட்டுக்கொண்டு போனாய்?

ஏழு வாரமாக நான் முழங்காலில் உட்கார்ந்து எஞ்சின் கட்டுகிறேன், உன் பேரைத் தூக்கி எறிய. இப்போது அங்கே பாதி என் பேர்! நான் யாரைத் தோற்கடிக்கப் போகிறேன்? என்னையேவா? அதையாவது ஓட்டம் முடிந்த மறுநாள், ஜூன் பதினேழாம் தேதி செய்திருக்கக்கூடாதா? உனக்கு எப்போதும் நேரம் தெரியாது. 1950-ல் ஒரு நிமிஷம் முன்னால் வந்திருக்க வேண்டிய நாக்கு இப்போது ஒரு மாசம் முன்னால் வந்துவிட்டது.

வண்டியை நான் ஏரிக்குக் கொண்டு போவது உறுதி. ஒதுங்கி நில்.

ஒலீட்டா ஸ்டால்கப்


ஆயில்டேல்
ஜூன் 18, 1996

கிளோவிஸ்,

நீ அங்கே இருந்தாய், பார்த்தாய். இருந்தாலும் நான் எழுத வேண்டும், ஏனென்றால் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

ரோனி டிரக்கை வைத்துத் தள்ளினான். ஐம்பதடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். இருமல் இல்லை, தயக்கம் இல்லை. முதல் மைலில் புழுதிக்கு மேலே என் தலை மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் காலை எடுக்கவில்லை. கடைசிக் கொடி வரைக்கும் எடுக்கவில்லை. பதினொரு ஆணியும் அசையவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. பெரிய எட்டைப் போடச் சொன்ன கிழங்களில் இரண்டு பேர், என் எஞ்சின் கொதிக்கும் என்று, மூன்று கேன் தண்ணீரோடு பாதி வழியில் நின்றிருந்தார்கள். நான் கையசைத்துவிட்டுப் போனேன்.

104.81.

ஹோமர் கிட்செல் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி தொப்பியைக் கழற்றினான். "கிட்டத்தட்ட வந்துட்டீங்கம்மா. அந்தப் பழைய வேகம் நிக்குது" என்றான்.

"அதை யாரு கட்டினது, படி" என்றேன்.

புத்தகத்தைத் திறந்து படித்தான். சத்தமாகப் படி என்றேன். சத்தமாகப் படித்தான். காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப என்னை யாரும் ஜெயிக்கலை" என்றேன். அவன் தொப்பியை மறுபடியும் போட்டுக்கொண்டான்.

தோற்றுவிட்டு இவ்வளவு நன்றாகச் சாப்பிட்ட நாள் எனக்கு வேறு இல்லை.

அப்புறம் நீ என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். "ஒலீட்டா, இப்பவாவது மனசு ஆறிச்சா?" என்றாய். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். நீ போய்விட்டாய்.

பதில்: இல்லை. ஆறவில்லை. நாற்பத்தாறு வருஷத்தை ஒரு கையெழுத்தால் அழிக்க முடியாது. எழுந்து நின்று சொன்னாய், அது உனக்கு எளிதாக இருந்திருக்காது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்குமேல் இப்போது என்னிடம் இல்லை. இருப்பதாகச் சொன்னால் பொய்.

இனி வேலை. எஞ்சினைத் திறந்து பார்த்தேன். எட்டு மைல் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. வால்வு பதினாறில் ஐந்து சரியாக உட்காரவில்லை, காற்றைத் தின்கிறது. என் தப்பு. தேய்க்கும் பசையைப் பூசி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு வால்வுக்கும் அரை மணி நேரம். எட்டு தேய்த்ததும் என் மணிக்கட்டு நின்றுவிட்டது. மிச்சத்தைச் சீக்கிரமாக முடித்தேன், அதுதான் தெரிகிறது. ரோனிக்குப் பொறுமை இல்லை, அவன் பொத்தான் அமுக்குகிறவன்.

பதினாறையும் மறுபடியும் தேய்க்க வேண்டும். எட்டு நான். எட்டு நீ.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வா. ஏழேகாலுக்கு வந்தால் கராஜ் பூட்டியிருக்கும். பிஸ்கட் ரொட்டியும் அதன்மேல் ஊற்றக் கிரேவியும் செய்வேன், எனக்காகச் செய்வதுதான், மிச்சம் இருக்கும். நீ தேய்த்ததை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒத்துவராவிட்டால் திரும்பத் தேய்க்க வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது.

செப்டம்பரில் அடுத்த ஓட்டம். படிவத்தில் எஞ்சின் கட்டியவர் என்ற வரியில் இரண்டு பெயர் எழுதலாமா என்று ஹோமரிடம் கேட்டேன். இடம் இருக்கிறதாம்.

எழுதுவேன் என்று சொல்லவில்லை. கேட்டு வைத்தேன்.

ஒலீட்டா